நன்னடத்தைச் சான்று: மறைப்பதா, உரைப்பதா?

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது)

குடியாத்தம் வட்டாரத்திலுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில், ஒரு நாள் பிற்பகல், நூல் இருப்புப் புத்தகத்தைச் சரிபார்த்துக் கொண்டிருந்தேன். அறுபது வயதை எட்டிய அங்கத்தினர் ஒருவர், நெய்த லுங்கிகளை ஒப்படைத்துக் கூலியைப் பெற்றுக்கொண்ட பின்னரும் வீடு திரும்பாமல் திண்ணையிலேயே காத்திருந்தார். வேலை முடிந்து நான் எழுந்தபோது, மடியிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். அவருடைய இளைய மகனுக்கு மத்திய அரசாங்க இலாகா ஒன்றில் காவலர் உத்தியோகம் கிடைக்கும் தறுவாயில் இருந்தது. அதற்கு முன் நிரப்பி அனுப்ப வேண்டிய உறுதிமொழிப் படிவமே அக்காகிதம்.

“ஐயா, இதில் ஒரு கேள்வி இருக்கிறது. எப்பொழுதாவது கைது செய்யப்பட்டதுண்டா, அபராதம் விதிக்கப்பட்டதுண்டா என்று கேட்கிறார்கள். பையனுக்குப் பத்தொன்பது வயதில் திருவிழா இரவு ஒன்றில் நாலு பேரோடு சீட்டாடியதற்காகப் பிடித்துப் போனார்கள். மறுநாள் கோர்ட்டில் முந்நூறு ரூபாய் கட்டினோம். அதோடு முடிந்துவிட்டது. ‘இல்லை’ என்று எழுதிவிடலாம் என்கிறார்கள் ஊரில். தாங்கள் படித்தவர், தாங்கள் சொல்லுங்கள்” என்றார்.

அன்று அவருக்குச் சொன்ன பதிலையும், அதன் பொருட்டு நான் படித்தறிந்த செய்திகளையும் நம் சங்கங்களின் அங்கத்தினர் யாவர்க்கும் பயன்படும் என்னும் கருத்தில் ஈண்டு எழுதுகிறேன்.

உத்தியோகமும் நம் வட்டாரமும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எனத் தோல் தொழில் பரவிய இப்பகுதி 2019ஆம் ஆண்டில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தது. தோலும் தறியும் கரும்பும் தவிர, இவ்வட்டாரத்துக்குச் சீருடையோடும் நெருங்கிய தொடர்புண்டு. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை, தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய காரணத்தால் இராணுவப்பேட்டை என்றே வழங்கப்படுகிறது. அரக்கோணத்தில் கடற்படையின் இராஜாளி விமானதளம் 1992 முதல் இயங்கி வருகிறது. அருகிலுள்ள தக்கோலத்தில், 949ஆம் ஆண்டில் சோழ இளவரசன் இராஜாதித்தன் போரில் வீழ்ந்த அதே ஊரில், மத்திய தொழிற் பாதுகாப்புப் படையின் பயிற்சி நிலையம் அமைந்திருக்கிறது. இராணிப்பேட்டையில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் துணைப்பொறி ஆலை நடைபெறுகிறது.

தோல் தொழிலில் ஏற்றுமதி ஆர்டர் குறைந்தால் வேலை நாளும் குறைகிறது. நூல் விலை ஏறினால் தறி நிற்கிறது. மழை பொய்த்தால் கரும்பு காய்கிறது. ஆகவே, மாதந்தோறும் தவறாது சம்பளம் தரும் உத்தியோகம் ஒன்று குடும்பத்தில் ஒரு பிள்ளைக்காவது வாய்க்கவேண்டும் என்பது பெற்றோர் யாவருடைய விருப்பமுமாகும். எழுத்துப் பரீட்சை, ஓட்டம், மருத்துவப் பரிசோதனை ஆகிய மூன்றையும் கடந்து வந்த இளைஞன், நான்காவதான முன்வரலாற்று விசாரணையில் தடுக்கி விழுவதைக் காண்கையில் மனம் வருந்துகிறது. ஏனெனில் முன்னைய மூன்றும் உடலையும் அறிவையும் பொறுத்தவை, பயிற்சியால் கைகூடுபவை. நான்காவதோ, பதினெட்டு வயதிலும் இருபது வயதிலும் அறியாமல் செய்ததைப் பொறுத்தது.

இவ்விசாரணை எதற்காக?

ஆயுதக் கிடங்கின் சாவி, விமானநிலையத்தின் வாயில், அணுமின் நிலையத்தின் காவல், இரகசியக் காகிதங்கள் ஆகியவை ஒருவனிடம் ஒப்படைக்கப்படுமுன், அவன் நம்பத்தக்கவனா என்று அரசாங்கம் பார்க்கிறது. போதைப் பழக்கமுள்ளவனிடம் மூன்று ஐயங்கள் எழுகின்றன. காவல் நேரத்தில் அவன் அறிவு தெளிவாக இருக்குமா என்பது முதலாவது. பொருள் வாங்கப் பணமின்றித் தவிக்கும்போது விலை போவானா என்பது இரண்டாவது. அவனுடைய இரகசியத்தை அறிந்த ஒருவன் மிரட்டினால் பணிவானா என்பது மூன்றாவது. குற்ற வழக்கைப் பொறுத்தமட்டில், சட்டத்தை மதிக்காதவன் கட்டளையை மதிப்பானா என்பதே வினா.

பிற நாடுகளிலும் இதே நிலைதான். அமெரிக்காவில் இரகசியப் பணிகளுக்குத் தகுதிச் சான்று வழங்க 2017ஆம் ஆண்டு ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த நெறிகள் பதின்மூன்று. அவற்றுள் போதைப்பொருள் ஒன்று. குற்ற நடத்தை ஒன்று. ஆனால் அங்கேயும் ஒரு தவறு நேர்ந்தது என்பதற்காக மட்டும் ஒருவனைத் தள்ளிவிடுவதில்லை. எப்பொழுது நேர்ந்தது, எத்தனை முறை, பின்னர் திருந்தினானா, உண்மையை ஒப்புக்கொண்டானா என்று முழு மனிதனையும் நோக்கியே தீர்மானிக்கிறார்கள். நம் நாட்டிலும் நீதிமன்றங்கள் படிப்படியாக இதையொத்த நெறிக்கே வந்துள்ளன.

அபராதம் கட்டினால் முடிந்ததா?

நம் மக்களிடையே பரவியுள்ள பெரும் தப்பெண்ணம் ஒன்றுண்டு. அஃதாவது, அபராதம் கட்டிவிட்டால் வழக்கு இல்லாமற் போய்விடுகிறது என்பது. உண்மை அதற்கு மாறானது. நீதிபதியின் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்துவது குற்றத் தீர்ப்பேயாகும். 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின்கீழ் சீட்டாடியதற்காயினும், 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்கீழ்க் குடித்துக் கலாட்டா செய்ததற்காயினும், செலுத்தியது சில நூறு ரூபாயே ஆயினும், அது பதிவேட்டில் நிற்கிறது. காவல் நிலையங்களை நாடு முழுவதும் கணினியால் இணைத்துவிட்ட இக்காலத்தில், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முற்படுவதால் பயனில்லை.

மத்திய அரசாங்கப் படிவத்தின் கேள்விகளையும் கவனிக்கவேண்டும். தண்டிக்கப்பட்டாயா என்று மட்டும் அது கேட்பதில்லை. கைது செய்யப்பட்டாயா, வழக்குத் தொடரப்பட்டாயா, காவலில் வைக்கப்பட்டாயா, நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கப்பட்டாயா, அபராதம் விதிக்கப்பட்டாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. தகவலை மறைப்பதே தகுதியின்மையாகும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ‘விடுதலையாகிவிட்டேனே’ என்று கருதி ‘இல்லை’ என எழுதுவோர் இவ்விடத்திலேயே அகப்படுகின்றனர்.

தமிழ்நாட்டுக் காவல் பணிக்கு விதி இன்னும் கடினமானது. தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளின் 14ஆம் விதி, சந்தேகத்தின் பலனால் விடுதலையானவனையும், புகார் கொடுத்தவர் பிறழ் சாட்சியானதால் விடுதலையானவனையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே கருதச் சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம் 2008ஆம் ஆண்டில் இவ்விதியை ஆராய்ந்து நிலைநாட்டியது. விசாரணை நடக்கும் சமயத்தில் நிலுவையிலிருந்த வழக்கு, பின்னர் களங்கமின்றி விடுதலையில் முடிந்தாலுங்கூட, அவன் அடுத்த தேர்வில் மீண்டும் கலந்துகொண்டுதான் வரவேண்டும்.

கிராமத்தில் அடிதடி நடந்தால் பெரியவர்கள் கூடி ராஜி செய்து, ‘சாட்சி சொல்லவேண்டாம், வழக்கு தானாகப் போய்விடும்’ என்று முடித்துவிடுகிறோம். ஊருக்கு அது சமாதானம். காவலர் வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கோ அதுவே முட்டுக்கட்டை. ஆகவே, வழக்கு என்று பதிவாகுமுன்னரே பிள்ளைகளைச் சண்டையிலிருந்து விலக்குவதும், பொய்ப் புகாரில் பெயர் சேர்க்கப்பட்டால் விசாரணை நிலையிலேயே வழக்கறிஞரைக் கொண்டு பெயரை நீக்க முயல்வதுமே உசிதமானவை.

உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி

நிற்க. முன்பு செய்த சிறு பிழைக்காக வாழ்நாள் முழுவதும் வாயில் அடைபடுமா? இல்லை என்பதே உச்ச நீதிமன்றத்தின் கருத்து. டில்லிக் காவல் துறையில் தலைமைக் காவலர் வேலைக்கு வந்த ஓர் இளைஞர், இருபது வயதையொட்டி ஏற்பட்ட அடிதடி வழக்கு ஒன்றை விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டிருந்தார். இளமையில் பிழை செய்வது இயல்பு, அதைப் பெருங்குற்றமாகக் கொள்ளலாகாது என்று கருதி, 2011ஆம் ஆண்டு மார்ச்சில் நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. வேறு சில வழக்குகளில், மறைத்த ஒரே காரணத்துக்காக வேலை பறிபோனதும் சரியென்று தீர்ப்பாகியிருந்தது. இம்முரண்பாட்டைத் தீர்க்க மூன்று நீதிபதிகள் கொண்ட ஆயம் 2016ஆம் ஆண்டு ஜூலை 21இல், அவதார் சிங் எதிர் இந்திய ஒன்றியம் என்னும் வழக்கில், நெறிகளைத் தொகுத்துரைத்தது. நம் அங்கத்தினர் அறியவேண்டியவை பின்வருமாறு:

1. கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்கவேண்டும்; எதையும் மறைக்கலாகாது.

2. இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான வழக்காயின், மறைத்திருந்தாலும் அதிகாரி மன்னிக்கலாம். மன்னித்தே ஆகவேண்டும் என்பதில்லை.

3. அற்பமல்லாத வழக்கில் தண்டனை பெற்றதை மறைத்தால், நியமனத்தை ரத்து செய்யலாம்.

4. உண்மையை எழுதியவனும் உத்தியோகத்தை உரிமையாகக் கோர இயலாது. முன்வரலாற்றைச் சீர்தூக்கிப் பார்க்கும் அதிகாரம் அரசாங்கத்துக்கு உண்டு.

5. பல வழக்குகள் நிலுவையிலிருக்க, வேண்டுமென்றே மறைப்பது தன்னளவிலேயே பெரும் குறை.

6. நியமனம் உறுதிசெய்யப்பட்டவரை நீக்குவதற்கு முன் இலாகா விசாரணை நடத்தவேண்டும்.

7. படிவம் தெளிவாகக் கேட்காத ஒன்றைச் சொல்லவில்லை என்று ஒருவன்மீது குற்றம் சுமத்தலாகாது.

இவற்றைச் சேர்த்துப் படிக்கையில் விளங்குவது யாதெனில், அற்பப் பிழையை உரைத்தவனுக்கு வழி உண்டு. அதையே மறைத்தவன் பிழையோடு பொய்யையும் சேர்த்துச் சுமக்கிறான். அப்பொய் பத்து வருஷம் சென்றபின் வெளிப்பட்டாலும் வேலை போகலாம். அப்பொழுது அவனுக்கு மனைவி மக்கள் இருப்பார்கள். வேறு உத்தியோகத்துக்கு மனுச் செய்யும் வயதும் கடந்திருக்கும்.

கஞ்சாப் பை

சீட்டாட்டமும் அடிதடியும் ஒருபுறமிருக்க, இன்று நம் பிள்ளைகளை நெருங்கிவரும் பேராபத்து லாகிரிப் பொருளாகும். ஆந்திர, ஒடிசா எல்லை மலைப்பகுதியிலிருந்து வரும் கஞ்சா, காட்பாடி ரயில் நிலையத்தில் கைப்பற்றப்படுவது செய்தித்தாள் படிப்போர் அறிந்ததே. ‘இந்தப் பையை ஆம்பூர் வரை கொண்டுபோய்க் கொடு, ஐந்நூறு தருகிறேன்’ என்று ஒருவன் சொல்லும்போது, வேலையில்லாத பையனுக்கு அது எளிய கூலியாகத் தோன்றுகிறது. சட்டம் அதை எவ்வாறு நோக்குகிறது என்பதை அவன் அறியான்.

1985ஆம் ஆண்டுப் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின்படி, கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறு அளவு. இருபது கிலோவுக்கு மேல் வணிக அளவு. சிறு அளவுக்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக அளவுக்குப் பத்தாண்டுக்குக் குறையாமல் இருபதாண்டு வரை சிறை. ஜாமீன் கிடைப்பதும் மிக அரிது. பையில் இருப்பது இன்னதென்று தெரியாது என்று சொன்னால் போதாது. தெரிந்தே வைத்திருந்ததாகச் சட்டம் அனுமானிக்கிறது. தெரியாது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு பையைச் சுமந்தவனையே சாரும். முதற்குற்றவாளிகளை எச்சரித்தும் பிணை பெற்றும் விடுவிக்க 1958ஆம் ஆண்டு நன்னடத்தைக் காலச் சட்டம் இடமளிக்கிறது. போதைப்பொருளைச் சுமந்த அல்லது விற்ற பதினெட்டு வயது நிரம்பியவனுக்கு அச்சலுகையும் கிடையாது.

உள்நாட்டு உத்தியோகத்துக்கு மட்டுமன்று, வெளிநாட்டுப் பிழைப்புக்கும் இது தடை. 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின்படி, நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையிலிருந்தால் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். அந்நீதிமன்றத்தின் அனுமதி பெற்றே பயணம் செய்யவேண்டும். மனுவில் பொய் சொன்னால் ஈராண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு. நம் மக்கள் நாடிச் செல்லும் சிங்கப்பூரில், 500 கிராமுக்கு மேற்பட்ட கஞ்சாவைக் கடத்துவோருக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது.

காலணித் தொழில் நடக்கும் ஊர்களில் மற்றோர் அபாயத்தையும் கூறவேண்டும். அட்டையும் தோலும் ஒட்டப் பயன்படும் சொல்யூஷன் பசையைச் சிறுவர்கள் முகர்ந்து மயங்கும் பழக்கம் அது. மூளைக்கும் நுரையீரலுக்கும் அது நஞ்சு. வீட்டில் மேற்பாகம் ஒட்டித் தரும் குடும்பங்கள் பசை டப்பாவைப் பூட்டி வைக்கவேண்டும். சிறுவர்க்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் ஏழாண்டு வரை சிறை விதிக்கிறது. அதே சட்டம், பதினெட்டு வயதுக்குமுன் செய்த தவறு பிற்காலத்தில் தகுதிக் குறைவாகாது என்றும் உறுதியளிக்கிறது. கொடுங்குற்றத்தில் பெரியவரைப் போல் விசாரிக்கப்பட்ட பதினாறு வயது நிரம்பியவர்க்கு மட்டுமே இதில் விலக்கு.

மருந்து உண்டு

பழக்கத்தில் அகப்பட்டவனைச் சட்டம் கைவிட்டுவிடவில்லை. உபயோகித்ததற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமைப்பட்டவர், தாமே முன்வந்து அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்க 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64அ பிரிவு வகை செய்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போதையால் வரும் மனநலக் கேட்டையும் நோயாகவே கொள்கிறது; நோயாளியின் செய்தியை இரகசியமாக வைக்கவேண்டும் என்றும் விதிக்கிறது. சிகிச்சைக்குப் போனால் பெயர் கெட்டுவிடும், உத்தியோகம் கிடைக்காது என்று அஞ்சிப் பிள்ளையை வீட்டில் பூட்டிவைப்பது பெருந்தவறு. சிகிச்சை பெறுவது குற்றமன்று. பெறாமல் விட்ட பழக்கமோ ஒருநாள் வழக்காகவோ மருத்துவப் பரிசோதனையிலோ வெளிப்பட்டே தீரும். பஞ்சாப் மாநிலத்தில் அரசு ஊழியர்களுக்கும் காவலர்களுக்கும் போதைப் பரிசோதனை நடத்த 2018ஆம் ஆண்டு ஜூலையில் உத்தரவாயிற்று. விமானிகளுக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் இப்பரிசோதனை 2022ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் நடைமுறைக்கு வந்தது.

வேலூர் பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை 1980 முதல் இப்பணியையே மேற்கொண்டிருக்கிறது. 14446 என்ற எண்ணில் தேசிய உதவித் தொலைபேசியும் உண்டு.

சங்கங்கள் செய்யத்தக்கவை

நம் சங்கங்கள் கடன் கொடுப்பதோடும் கூலி வழங்குவதோடும் நின்றுவிடலாகாது. அங்கத்தினரின் பிள்ளைகள் படிவம் நிரப்புகையில் படித்த ஊழியர் ஒருவர் உடனிருந்து ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் விளக்கவேண்டும். பழைய வழக்கு இருப்பின், நீதிமன்றத்தில் மனுச் செய்து தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பெற்று உடன் இணைக்கச் செய்யவேண்டும். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும், பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்க்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது என்பதைத் தகவல் பலகையில் எழுதிவைக்கவேண்டும். சங்கத் தலைவர்கள் முகத்தாட்சண்யத்துக்காக, விசாரியாமல் நன்னடத்தைச் சான்று எழுதிக் கொடுக்கும் வழக்கத்தையும் விட்டொழிக்கவேண்டும். பொய்யான சான்று பிள்ளைக்கு உதவாததோடு, சங்கத்தின் மதிப்பையும் குறைக்கும்.

இனி, குடியாத்தத்துப் பெரியவரின் கதைக்கு வருவோம். “ஐயா, ‘ஆம்’ என்றே எழுதச் சொல்லுங்கள். வேலை நிச்சயம் என்று நான் சொல்லமாட்டேன். ‘இல்லை’ என்று எழுதினால் வாழ்நாள் முழுவதும் அச்சம் நிச்சயம் என்பதை மட்டும் சொல்வேன்” என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “பாவில் இழை அறுந்தால் முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்கிறோம். முடியாமல் விட்டால் துணியை விரிக்கும்போது தெரிந்துவிடுகிறது” என்று தமக்குள் சொல்லிக்கொண்டு காகிதத்தை மடித்தார்.

மகன் உண்மையை எழுதினான். தீர்ப்பின் நகலையும், நடந்ததை விவரித்து ஒரு பக்கக் கடிதத்தையும் இணைத்தான். இலாகாவிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது; அதற்கும் பதில் எழுதினோம். நான்கு மாத காலம் அக்குடும்பம் தபால்காரரை எதிர்பார்த்தே கழித்தது. நியமன உத்தரவு வந்த அன்று, பெரியவர் சங்கத்துக்கு வந்து, அதை எல்லோர் முன்னிலையிலும் என்னைப் படிக்கச் சொன்னார்.

எல்லோர்க்கும் இவ்வாறே முடியும் என்று உறுதி கூற இயலாது. காவல் பணியாயிருப்பின் அதே பையனுக்கு விதி குறுக்கே நின்றிருக்கலாம். ஆனால் உண்மையை எழுதித் தோற்றவன் அடுத்த வாயிலைத் தட்டலாம். பொய்யை எழுதி அகப்பட்டவனுக்கு ஒவ்வொரு வாயிலிலும் அப்பொய்யே முன்வந்து நிற்கும். ஆகவே, பெற்றோர்களே, பிள்ளைகளைக் கஞ்சாப் பையிலிருந்தும் வீண் சண்டையிலிருந்தும் காப்பாற்றுங்கள். பிழை நேர்ந்துவிட்டால் அதை மறைக்கக் கற்றுக்கொடாதீர்கள். படிவம் வந்தால் தனியே நிரப்பாமல் சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே நிரப்புவோம்.